கதவில்லாத சமையலறை, 14 மாதம் ஒன்று, 4 வயது ஒன்று: எதைப் பூட்ட, எதைத் திறந்து விட?

தாழில்லா_அடுக்களை:
எங்கள் சமையலறை கூடத்தோடு சேர்ந்தது. கதவு இல்லை, தடுப்புக் கேட் மாட்டச் சுவரும் இல்லை. கேஸ் அடுப்பு. சின்னவனுக்கு 14 மாதம், கைக்கு எட்டுகிற கதவையெல்லாம் திறக்கிறான். பெரியவளுக்கு 4 வயது, "நானும் செய்றேன்" என்று கூடவே நிற்கிறாள். எல்லாக் கதவுக்கும் பூட்டு போட்டுவிடலாமா? பெரியவளை எங்கே நிறுத்துவது, என்ன கொடுப்பது?

ஆணியும்_சுத்தியலும்:
எல்லாத்துக்கும் பூட்டு போடாதீங்க. பத்து பூட்டு இருந்தா நீங்களே ரெண்டை மாட்ட மறந்துடுவீங்க. கத்தி, பிளேடு, துருவல் இருக்கிற இழுப்பறை, கண்ணாடிப் பொருள் அலமாரி, சிங்க்குக்குக் கீழே இருக்கிறது, இந்த மூணு போதும். அடுப்புக்கு ரொம்பத் தள்ளி இருக்கிற கீழ் இழுப்பறை ஒண்ணைச் சின்னவனுக்கே விட்டுடுங்க. மரக்கரண்டி, பிளாஸ்டிக் கிண்ணம், எவர்சில்வர் டம்ளர்னு போட்டு, வாரத்துக்கு ஒருமுறை மாத்துங்க. அவனுக்குன்னு ஒரு இடம் இல்லேன்னா உங்க காலுக்குள்ளதான் வருவான். டாய்லெட் பேப்பர் சுருளோட உள்குழாய்க்குள்ள நுழையற எதுவும் அதுல கிடக்கக் கூடாது, தொண்டையில சிக்கற அளவு அது.

ஒட்டுப் பூட்டு கழன்று வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான். சோப்புத் தண்ணியில துடைச்சு, அப்புறம் ஸ்பிரிட்டால துடைச்சு, காயவிட்டு ஒட்டணும். ஒட்டி 24 மணி நேரம் இழுத்துப் பார்க்காதீங்க. சொரசொரப்பான லேமினேட்ல ஒட்டு நிக்காது, திருகாணிதான். 18 மி.மீ. பலகைக்கு 12 மி.மீ. திருகாணி போதும், நீளமா போட்டா முன்பக்கம் எட்டிப் பார்க்கும். காந்தப் பூட்டு வெளியில தெரியாது, ஆனா இரும்புக் கதவுல வேலை செய்யாது.

பூட்டுங்கிறது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அடைப்பு நீக்கும் திரவம், ஆசிட் மாதிரிச் சாமான் சிங்க் அடியிலயே வேண்டாம், உங்க தலைக்கு மேல இருக்கிற அலமாரிக்குப் போகட்டும். குடிதண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கவே கூடாது. குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். பாட்டிலோட மருத்துவமனைக்குப் போங்க.

யாரும் யோசிக்காத ஒண்ணு: சமையல் தராசு. உள்ளே இருக்கிற நாணயம் மாதிரி பேட்டரி உணவுக்குழாயில தங்கினா, எச்சில் வழியா மின்சாரம் ஓடி ரெண்டு மணி நேரத்துக்குள்ள சதையைப் பொசுக்க ஆரம்பிச்சுடும். மூடி திருகாணி போட்டதா இருக்கணும். முழுங்கியிருப்பானோன்னு சந்தேகம் வந்தாலே கிளம்பிடணும், அழலையேன்னு காத்திருக்கக் கூடாது.

தணல்:
சின்னக் குழந்தைகளை நெருப்பை விட அதிக தடவை சுடுவது கொதிநீரும் சூடான பானமும்தான். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே ஆழமாகச் சுட்டுவிடும், குழந்தைத் தோல் மெல்லியது என்பதால் இன்னும் வேகமாக. கீசர் இருந்தால் குழாயில் வருவது 50ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின் அடுப்பு இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். பாத்திரக் கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்கட்டும், ஆனால் பக்கத்துத் தணலுக்கு மேல் போகக் கூடாது. கெட்டில் வயர் மேடையிலிருந்து தொங்கக் கூடாது. ஆறட்டும் என்று எதையும் தரையில் இறக்கி வைக்காதீர்கள்.

அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தரையில் சிவப்பு டேப் ஒட்டினால் நாலு வயதுக்குப் புரியும், 14 மாதத்துக்குப் புரியாது. அடுப்பு எரியும்போது அவனை வார் போட்ட உயர நாற்காலியில், காலால் மேடையை உதைத்துச் சாய்க்க முடியாத தூரத்தில் உட்கார வையுங்கள்.

சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள். எல்பிஜி காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும், தவழும் குழந்தை இருக்கும் உயரம் அதுதான். வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து, குழந்தைகளோடு வெளியே வந்துவிடுங்கள்.

சுட்டுக்கொண்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். வளையல், துணியைக் கழற்றுங்கள், தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள். சின்னக் குழந்தையென்றால் மற்ற உடம்பைப் போர்த்திக்கொண்டே குளிர வைக்க வேண்டும்.

நாலுவயசுக்_கை:
பெரியவளுக்கு நாற்காலி வேண்டாம், முதுகுப்பலகையில் சாய்ந்தால் கவிழும். பக்கங்களில் தடுப்புள்ள நிற்கும் ஸ்டூல் நல்லது. மேடை 85–90 செ.மீ. என்றால் நிற்கும் பலகை 30–35 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், முழங்கை மேடைக்குச் சற்று மேலே வரும். தடுப்பு இடுப்புக்கு மேல், அடிப்பாகம் பலகையை விட அகலமாக. வேலை முடிந்ததும் ஸ்டூலை அப்புறப்படுத்திவிடுங்கள், ஏறப்போவது சின்னவன்!

கழுவுவது, கீரை ஆய்வது, அளப்பது, கலக்குவதிலிருந்து தொடங்குங்கள். மொக்கை எஃகுக் கத்தி கொடுப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. அழுத்த வேண்டியிருப்பதால் அது வழுக்கும். பல் வைத்த நைலான் கத்தி கொடுங்கள், வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்குக்கு அது போதும். உருண்டையானதை நீங்களே பாதியாக வெட்டித் தட்டைப்பக்கம் கீழே வைத்துத் தாருங்கள். வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணி. பிடிக்கும் கை பூனைப் பாதம் மாதிரி, விரல்நுனி உள்ளே மடங்கியிருக்க வேண்டும். பச்சை மாவை ருசி பார்க்க விடாதீர்கள், பச்சை முட்டையைப் போல அதிலும் கிருமி இருக்கலாம்.

தாழில்லா_அடுக்களை:
ஸ்டூலைச் சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவே போடலாமா? அங்கேதான் வெளிச்சம்.

தணல்:
வேண்டாம். சிங்க்கின் மறுபக்கம் போடுங்கள், அங்கே ஒரு விளக்கு மாட்டிவிடலாம். ஸ்டூலில் நின்று அவள் கையை முழுதாக நீட்டினாலும் அடுப்புக் குமிழ் எட்டக் கூடாது. ஒருமுறை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.