சரளையா, பரலா, கிராவலா? (கலைச்சொல் இழை)

சிற்றகல் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஐரோப்பாவில் ஈரநிலங்களின் ஊடாகவும் பழைய சிற்றூர்கள் வழியாகவும் செல்லும் சைக்கிள் பாதைகளுக்கான வழிகாட்டி ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். ஒன்று, தார் போடாமல் பொடிக்கல் பரப்பிய பாதையில் அகல டயர் சைக்கிளை ஓட்டுவது. கிராவல் சைக்கிளிங் என்கிறார்கள். மற்றது, மோட்டார் வண்டிகள் வராத பாதை. முதல் வரைவில் ‘போக்குவரத்து இல்லாத பாதை’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த தோழி, “யாருமே போகாத, வராத பாதைக்கு வழிகாட்டி எதற்கு?” என்று கேட்டாள். வரைபடத்தின் குறிவிளக்கத்தில் இடம் குறைவு. பன்னிரண்டு எழுத்துக்குள் அடங்கினால் நல்லது.

ஓலைத்தூக்கி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிடக்கிறது. குனிந்து எடுக்க ஆளில்லை. பரல். பாலைப் பாட்டுகளில் வழிநடப்போர் காலை உறுத்தும் கல் அதுதான். பரல் + பாதை, வேற்றுமையில் லகரம் றகரமாகும்: பரற்பாதை. தடம் என்று வேண்டுமானால் பரற்றடம். மிதிவண்டி என்ற வினைத்தொகையை முன்னே வைத்தால் வேலை முடிந்தது.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

ஐயா, பரற்றடம் என்ற பலகையைப் பார்த்தால் நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விடுவேன்.

விளையாட்டு இருக்கட்டும், கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆற்றில் உருண்டு மழமழப்பான கல்லும் உடைத்த கல்லும் சக்கரத்துக்கு ஒன்றல்ல. உருண்டைக் கல் சக்கரத்தின் கீழ் நழுவும். திருப்பத்தில் ஆளைக் கவிழ்க்கும். உடைத்த கல்லுக்கு விளிம்பு உண்டு, ஒன்றோடொன்று கோத்து இறுகிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சாலை போட்ட முறையின் அடிப்படையே இதுதான்: சிறிதாக உடைத்த கல், நடுவில் சற்று உயரம், இரு பக்கமும் நீர் வடிய வழி. நல்ல பாதைகள் இன்றும் அப்படித்தான் இருக்கின்றன. ஈரநிலக் கரைகளில் வெறும் மண்ணைக் கொட்டினால் ஒரு மழைக்கே சேறாகிவிடும். கல் பரப்பினால் நீர் இறங்கிவிடும். வண்டியும் அதற்கேற்றது: சாலை சைக்கிளின் டயர் 25 முதல் 32 மில்லிமீட்டர் என்றால் இதில் 35 முதல் 50 வரை, காற்றும் குறைவாக அடிப்போம். சொல் இந்தக் கல்லைக் காட்ட வேண்டும். பரல் என்றால் எனக்குக் கூழாங்கல்தான் தெரிகிறது.

ஓலைத்தூக்கி எழுதியது:

தம்பி, உருளும் கல் எப்படிக் காலைக் குத்தும்? பாலை வழியில் குத்தியது என்றால் அதற்கு விளிம்பு இருந்திருக்க வேண்டும். உம்முடைய மெக்காடம் என் பக்கம்தான் சாட்சி சொல்கிறார்.

வடமுனை எழுதியது:

இலங்கைத் தமிழில் கிறவல் வீதி என்றுதான் சொல்கிறோம், எழுதுகிறோம். யாரும் அகராதி தேடுவதில்லை. சைக்கிளுக்குத் துவிச்சக்கர வண்டி என்று ஒரு பெயரும் பாவனையில் உண்டு. இரண்டையும் சேர்த்து ‘கிறவல் வீதித் துவிச்சக்கர வண்டிப் பயணம்’ என்று எழுதினால் குறிவிளக்கம் வரைபடத்தை மூடிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

ஓட்டுகிறவர்களும் கிராவல் என்றுதான் சொல்கிறார்கள். 2022இல் இத்தாலியின் வெனெட்டோவில் முதல் உலகப் போட்டியே இந்தப் பெயரில் நடந்துவிட்டது. இனிமேல் அது கல்லின் பெயர் மட்டுமல்ல, விளையாட்டின் பெயர். கிரிக்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டோம் அல்லவா?

சிற்றகல் எழுதியது:

கிராவலில் எனக்கு ஒரு தயக்கம். தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் கிராவல் என்றால் மண். லாரியில் ஏற்றுவது, பள்ளத்தில் நிரப்புவது, அனுமதி இல்லாமல் அள்ளினால் வழக்காவது. ‘கிராவல் பயணம்’ என்று அட்டையில் போட்டால் வாசகர் டிப்பர் லாரியின் முன்னிருக்கையில் உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைப்பார். சரளை எப்படி? சரளைக்கல் எல்லோருக்கும் தெரிகிறது, எழுத்தும் குறைவு.

ஓலைத்தூக்கி எழுதியது:

சரளை எனக்கு ஐயத்துக்குரியது. வடமொழிச் ‘சரள’த்தோடு உறவாக இருக்கலாம். அதற்கு நேரான, எளிய என்று பொருள். சரளமாகப் பேசுகிறார் என்கிறோமே, அது.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

நேராகவும் எளிதாகவும் இருந்தால் அது சரளைப் பாதையே அல்ல, ஐயா. முதுகைக் கேட்டுப் பாருங்கள்.

வடமுனை எழுதியது:

மிதித்தால் சரசரவென்று சத்தம் கேட்கிறதே, ஒலிக்குறிப்பாக ஏன் இருக்கக்கூடாது? ஆதாரம் கேட்காதீர்கள். மேலே சொன்ன ‘சரள’த்துக்கும் அவர் தரவில்லை.

ஓலைத்தூக்கி எழுதியது:

ஆதாரத்துக்கே வருகிறேன். நேற்றிரவு தூக்கமில்லை, அதனால் இந்த மடல் நீளும்.

அகநானூற்றின் நான்காம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது. கார்காலம் வந்துவிட்டது, முறுக்கிய கொம்புடைய இரலை மான்கள் ‘பரல் அவல்’களில் துள்ளுகின்றன. இங்கே பரல் பாலையில் இல்லை, முல்லையில் இருக்கிறது. அவல் என்றால் பள்ளம், நீர் தங்கும் தாழ்நிலம். ஔவையார் மிசைக்கு, அதாவது மேட்டுக்கு, எதிராக வைத்த அதே அவல். பொடிக்கல்லும் மழைநீர் நிற்கும் தாழ்வும் ஒரே தொடரில்! தங்கையின் வழிகாட்டி நூலின் தலைப்பை மருதனார் முன்பே எழுதி வைத்திருக்கிறார்: பரலவல்.

இன்னும் இருக்கிறது. அதே பாட்டில் தலைவன் தேரில் வருகிறான். பூந்தாது உண்ணும் வண்டினங்கள் மிரண்டுவிடுமே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு ஓட்டி வருகிறான். ஈரநிலத்தில் பறவைகளுக்கு இடையே சைக்கிள் ஓட்டுபவனுக்கு இதைவிட நல்ல விதி எங்கே கிடைக்கும்? மோட்டார் கூடாது என்பதைவிட ஒரு படி மேலே போய், மணியும் கூடாது என்கிறது அந்தப் பாட்டு.

இடையில் ஒருவர் தனிமடலில், கண்ணகி சிலம்பில் இருந்ததும் பரல்தானே என்று கேட்டிருந்தார். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் மன்னனும் கண்ணகியும் சொல்லும் சொல் ‘அரி’. பரல் என்பது நாம் பேசிப் பழகியது.

சிற்றகல் எழுதியது:

ஐயா, படித்ததும் கொஞ்ச நேரம் வேலையை மறந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் பரலவல் என்று அட்டையில் போட்டால் அவலில் கல் கிடக்கிறது என்றுதான் படிப்பார்கள். ஈரநிலத்துக்கு ஈரநிலம் என்றே வைத்திருக்கிறேன். சதுப்பு நிலம் போதாது: ஈரநிலப் பாதுகாப்புக்கான 1971ஆம் ஆண்டின் ராம்சர் உடன்படிக்கை ஏரி, ஆறு, வயல், உப்பளம், கடல் வற்றியிருக்கும் வேளையில் ஆறு மீட்டருக்கு மிகாத ஆழமுள்ள கடல்நீர் எல்லாவற்றையும் அதில் சேர்க்கிறது.

இரண்டாவது சொல்லை யாரும் தொடவில்லை. வாகனமற்ற பாதை என்று போடலாமா?

வடமுனை எழுதியது:

சைக்கிளும் வாகனம்தான். வாகனமற்ற பாதையில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

ஓலைத்தூக்கி எழுதியது:

‘பொறியூர்தி விலக்கிய நெறி.’

இரட்டைச்சக்கரம் எழுதியது:

பொறியூர்தி என்றதும் எலிப்பொறி ஞாபகம் வருகிறது. ‘மோட்டார் வராத பாதை’ என்று நேராகச் சொல்லலாம் என்று எழுத வந்தேன். அதிலும் இரண்டு ஓட்டை. மின்சைக்கிளில் மோட்டார் இருக்கிறது, பல பாதைகளில் அதற்குத் தடையில்லை. வயலுக்குப் போகும் டிராக்டரும் அந்த வழியாகத்தான் போகும். மூலத்திலும் கண்டிப்பான பொருள் இல்லை. லாரியும் காரும் பின்னால் ஹாரன் அடிக்காது என்பதுதான் அவர்கள் சொல்ல வருவது.

வடமுனை எழுதியது:

கொங்கு வழக்கில் இட்டேரி என்று ஒரு சொல் உண்டு. இரு பக்கமும் வேலி, நடுவில் மாட்டுவண்டி போகிற அளவு தடம். சிற்றூர்ப் பகுதிகளுக்கு அது பொருந்தாதா?

சிற்றகல் எழுதியது:

அழகான சொல். ஆனால் அது ஒரு வட்டாரத்தின் நிலத்தோடு பிறந்தது. ஐரோப்பியக் கால்வாய்க் கரையை இட்டேரி என்றால் இரண்டு பக்கத்தாரும் கோபிப்பார்கள். ‘நாட்டுப்புறச் சிற்றூர்’ என்றே விட்டுவிட்டேன். அதில் யாராவது சண்டை தொடங்கினால் நான் குழுவிலிருந்து விலகிவிடுவேன்.

நெறியாளர் எழுதியது:

நாளை வெள்ளி. கணக்கு எடுத்தேன். சரளைக்கு ஏழு பேர், கிராவலுக்கு நான்கு, பரலுக்கு ஒருவர் (அவரே மூன்று முறை எழுதியிருக்கிறார், ஒன்றாகவே எண்ணினேன்). மோட்டார் வராத பாதைக்கு ஆதரவு என்று சொல்ல முடியாது, எதிர்ப்பு ஓய்ந்துவிட்டது.

சிற்றகல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கோப்பு போய்விட்டது. சரளைப் பாதை, சரளைச் சைக்கிள் பயணம், மோட்டார் வராத பாதை. மின்சைக்கிளுக்கு ஓர் அடிக்குறிப்பு. குறிவிளக்கத்தில் ‘சரளை’ மட்டும். பறவைகள் கூடுகட்டும் பகுதிக்கான அறிவிப்பில் மூலத்தில் ‘ஒலி எழுப்பாதீர்’ என்றுதான் இருந்தது. நான் ‘மணியின் நாவைக் கட்டிவிட்டுச் செல்லுங்கள்’ என்று எழுதினேன். பதிப்பாசிரியர் அதை வெட்டாமல் இருக்க வேண்டும்.

ஓலைத்தூக்கி எழுதியது:

வெட்டினால் என்னிடம் சொல், தங்கையே. ‘சரளைப் பாதை’யை நான் ஏற்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். ஏற்காவிட்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: நீ இணைத்திருந்த வரைவில் நான்காம் பக்கத்தில் ஒற்று இருக்கிறது, ஒன்பதாம் பக்கத்தில் ‘சரளை பாதை’ என்று ஒற்றில்லாமல் கிடக்கிறது. சரளையால் ஆன பாதை. உருபும் பயனும் உடன் தொக்க தொகை. ப் மிகும்.