கெமர் தேவி சிலைகளில் உமா யார், லட்சுமி யார்?

மலர்விழி: கம்போடியத் தலைநகர் புனோம்பென்னின் தேசிய அருங்காட்சியகத்தில் பார்த்த பழைய கெமர் (கம்போடிய) தேவி சிலைகள் பலவற்றுக்குக் கையே இல்லை. எந்தத் தெய்வம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கல்தச்சன்மகன்: அப்பாவோடு உளி பிடித்தவன் என்பதால் சொல்கிறேன். இவை சுவரில் சாயாமல் தனியே நிற்கும் மணற்கல் சிலைகள், முதுகும் முழுதாகச் செதுக்கியது. உடலை விட்டு விலகி நீளும் கைதான் முதலில் உடையும். சங்கு, சக்கரம் எல்லாம் அதோடு போய்விடும். அதனால்தான் உமாவா லட்சுமியா என்று சொல்ல முடியாமல், பலவற்றின் கீழே ‘பெண் தெய்வம்’ என்று மட்டும் எழுதியிருக்கும். காலடியில் எருமைத் தலை இருந்தால் துர்க்கை, சந்தேகமே வேண்டாம். மாமல்லபுரத்திலும் அப்படித்தான் நிற்கிறாள்.

காலத்துக்கு ஆடையைப் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டு பாபுவோன் பாணியில் மடிப்புப் பாவாடை முதுகில் ஏறி, முன்னே தொப்புளுக்குக் கீழே இறங்கும். என்ன நளினம்!

பயணி: அங்கோரிலுள்ள பிரசாத் கிராவன் கோயிலில் (கி.பி. 921) லட்சுமி கைகளோடு இருக்கிறாளே?

கல்தச்சன்மகன்: அது செங்கல் சுவரிலேயே செதுக்கிய புடைப்புச் சிற்பம், அதனால் தப்பித்தது. பழைய கெமர் தலைநகரான கோ கெரில்தான் கொடுமை. திருடர்கள் சிலைகளைக் கணுக்காலோடு அறுத்துப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து போன 10ஆம் நூற்றாண்டு தேவி ஒன்றை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் திருப்பித் தந்துவிட்டது. மற்றவையும் வரவேண்டும்.

மலர்விழி: சரி, அடுத்த முறை முதுகுப்பக்கமும் சுற்றிப் பார்க்கிறேன். நன்றி அண்ணா.