மறுமொழி: எலிக்கு வலிப்பு ‘மூட்டல்’ – முடிவு வேண்டும்

ஐயா, தம்பி, வணக்கம்.

வெள்ளிக்கிழமை வந்தாறுமூலையில் வகுப்பு. நாளைக்குக் குறிப்பைப் போட்டோக்கொப்பிக்குக் கொடுக்கவேண்டும். சிறு தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து எலிக்கு வலிப்பு வரவைக்கும் ‘கிண்ட்லிங்’ (kindling) மட்டும் இன்னும் தமிழாகவில்லை. ஐயா ‘ஞெலிதல்’ என்கிறார், தம்பி ‘வலிப்பூட்டல்’ என்கிறார், நான் ‘வலிப்பு மூட்டல்’ என்கிறேன்.

எலி கற்கும் விதத்தை ஆராயத்தான் கொடார்ட் என்ற ஆய்வாளர் அதன் மூளையின் அமிக்டலா என்ற பகுதியில் நாளுக்கொரு தடவை சிறிது மின்னோட்டம் கொடுத்தார். முதலில் ஒன்றுமில்லை. அளவைக் கூட்டவுமில்லை. ஆனால் நாட்கள் போகப்போக முழு வலிப்பே வந்தது. 1967இல் அதை எழுதினார். மாரியில் அம்மா ஈரவிறகுக்கு அடியில் பன்னாடையைச் செருகி ஊதுவார். புகையும், அணையும், திரும்ப ஊதுவார், பிறகு குப்பென்று பிடிக்கும். ‘கிண்ட்லிங்’ என்ற ஆங்கிலப் பெயரும் இப்படித் தீ மூட்டுவதுதான். தம்பியின் ‘வலிப்பூட்டல்’ இதைச் சொல்லவில்லை. பைலோகார்பின் என்ற மருந்தை ஒரே ஊசியாகப் போட்டு வலிப்பை வரவழைப்பதும் வலிப்பூட்டல்தானே?

ஐயாவின் ‘ஞெலிதல்’ அழகான சொல், கோலைக் கடைந்து தீ உண்டாக்குவது. கூரையில் செருகிய ஞெலிகோலுக்குள் தெரியாமல் இருக்கும் தீயை ஔவையார் அதியமானுக்கு உவமை சொன்னது (புறம் 315) இதற்கு அப்படியே பொருந்தும். ஆனால் வகுப்பில் ‘ஞெலிந்த எலி’ என்றால் பிள்ளைகள் ‘நெளிந்த எலி’ என்றே எழுதுவார்கள். வலிப்பில் எலி நெளியவும் செய்யும், பிழை பிடிபடாது.

நாம் செய்வது வலிப்பு மூட்டல், எலிக்குள் நடப்பது வலிப்பு மூளல். பிறவினையும் தன்வினையும் கையிலேயே இருக்கின்றன. ‘மூட்டுவலி’யோடு குழம்பும் என்று தம்பி சொன்னது சரி, அதனால் ‘வலிப்பு’ முன்னால் கட்டாயம். மூளைக்கும் மூளலுக்கும் ஒரே வேர் என்ற ஐயாவின் நீண்ட கடிதத்தை மட்டும் ஏற்கமுடியவில்லை. ஒலி ஒத்தால் போதாது.

வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: “ஆய்வாளர் மொரிஸ் 1981இல் விவரித்த நீர்த்தொட்டியில், பால் கலந்த நீருக்கடியில் ஒரு மேடை மறைந்திருக்கும். மற்ற எலிகள் சில நாளில் நேரே அதில் போய் ஏறும். இட நினைவுக்கு உதவும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பசில் வலிப்பு மூண்ட எலி இடத்தைக் கற்கத் தடுமாறும்.” எங்கும் இடறவில்லை.

கல்லடியிலிருந்து

*

கல்லடித் தம்பி,

1936இல் சென்னைக் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவிலிருந்து எழுதுகிறேன். ‘ஞெலிதல்’ போலப் பிள்ளைக்குத் தெரியாத சொல்லைப் படிப்பிக்கத்தானே வகுப்பு? மூளையின் வேர் பற்றி நாளை விரிவாக எழுதுவேன்.

*

ஐயா, எழுதுங்கள், படிப்பேன். இந்தத் தடவை ‘வலிப்பு மூட்டல்’ என்றே அச்சுக்குப் போகிறது. அடிக்குறிப்பில் ‘ஞெலிதல்’ சேர்த்திருக்கிறேன். தம்பி ‘கிண்ட்லிங்’கையும் சேர்க்கச் சொல்கிறார், இடமிருந்தால் சேர்ப்பேன்.