மலைநாட்டுப் பூச்சாடி எங்கட வீட்டில ஒரு கிழமையும் நிக்குதில்லை, ஏன்?

நல்லூர்விறாந்தை:
எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை யாழ்ப்பாணம் திருநெல்வேலியில, நுவரெலியாவில இருந்து வந்த லொறியில ரண்டு சாடி வாங்கினனான், ஒண்டு மஞ்சள் செவ்வந்தி மற்றது சிவப்பு பிகோனியா, வாங்கேக்க சாடி முழுக்கப் பூ, சரியான வடிவு. குசினி மேசையில வச்சு காலமையும் பின்னேரமும் தண்ணி விட்டனான். மூண்டாம் நாள் பிகோனியா மொட்டெல்லாம் கொட்டுண்டு போச்சு, செவ்வந்தியில கீழ் இலை மஞ்சள். மலைநாட்டில, ஹட்டன்ல மச்சாள் வீட்டில இதே செவ்வந்தி ஒரு மாசம் நிண்டது. நான் என்ன பிழை விட்டனான்?

கொக்குவில்கண்டுகாரன்:
அக்கா முழுப்பிழையும் உங்களில இல்லை. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல, அங்க 16 டிகிரி எண்டால் இங்க 30. சூடு கூடக்கூட கண்டு தான் சேர்த்து வச்ச சீனியை கெதியா எரிச்சு முடிக்கும், பூவும் கெதியா வாடும். அதுக்கு முதல் லொறியில படங்குக்குக் கீழ ஒரு இரவு முழுக்க இருட்டில நெருக்கிக்கொண்டு வந்திருக்கு. இன்னொண்டு, விக்கிற நாள் வரைக்கும் பசளை போட்டுத் தள்ளின கண்டு வெளிச்சம் குறைஞ்ச வீட்டுக்குள்ள தாங்காது. செவ்வந்தி மொட்டு நிறம் காட்டேக்க பசளையை நிப்பாட்டினா பூ கூட நாள் நிக்கும், ஆனா அதைச் செய்யிற ஆக்கள் குறைவு. நான் இறக்கின கண்டை நாலு நாள் நிழல்வலைக்குக் கீழ வச்சிட்டுத்தான் விக்கிறனான், அதுக்குள்ள பக்கத்துக் கடைக்காரர் வித்து முடிச்சிடுவினம் எண்டது வேற கதை 😀

கதலிக்குலை:
குசினி மேசையில பழம் ஏதும் கிடக்கோ?

நல்லூர்விறாந்தை:
ஓம், ஒரு சீப்பு கதலி, நாலைஞ்சு கறுத்தக்கொழும்பான் மாம்பழமும். ஏன்?

கதலிக்குலை:
அங்கதான் விசயம். பழுக்கிற பழம் எத்திலீன் எண்ட வாயுவை விடும், நாங்கள் வாழைக்குலைக்குப் புகை போடுறதும் அந்தப் புகையில அது இருக்கிறதாலதான். பிகோனியாவுக்கு அது பட்டால் மொட்டும் பூவும் கொட்டும். செவ்வந்திப் பூ அவ்வளவு அசையாது, அதாலதான் உங்களுக்கு ரண்டும் ரண்டு விதமாப் போயிருக்கு.

பழையகிணறு:
பிள்ளை, ஆரும் தண்ணியைப் பற்றிக் கதைக்கேல்லை. ரண்டு நேரமும் விட்டால் வேர் அழுகும், விரலை வச்சுப் பார்த்து மேல்மண் காஞ்சால் மட்டும் விடுங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு, சில இடத்தில உவர், சின்னச் சாடியில உப்புக் கட்டி மேல வெள்ளையாப் படியும். கிழமைக்கு ஒருக்கா அடி ஓட்டையால ஓடுமட்டும் விட்டுக் கழுவோணும், கீழ்த்தட்டில நிக்கிற தண்ணியை ஊத்திப்போடோணும். முழுக்க விரிஞ்ச சாடியை வாங்கவும் கூடாது, பாதி விரிஞ்சு மிச்ச மொட்டு நிறம் காட்டுறதைத்தான் எடுக்கோணும். என்னைக் கேட்டால் உந்த மலைநாட்டுக் கண்டே வேண்டாம், செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் காணும்.

கொக்குவில்கண்டுகாரன்:
ஐயா எங்கட யாவாரத்தில மண் போடாதேங்கோ 😅

நல்லூர்விறாந்தை:
பத்து நாளைக்குப் பிறகு எழுதுறன். பிகோனியா செத்துப் போச்சு. செவ்வந்தியை கிழக்குப்பக்க விறாந்தைக்கு மாத்தினனான், காலமை வெயில் மட்டும் படும், தென்மேற்கால வாற சோளகக் காத்தும் அங்க அடிக்காது, மூண்டு மொட்டு புதுசா விரிஞ்சிருக்கு. இண்டைக்குத் திரும்பவும் லொறியடிக்குப் போய் எப்ப இறக்கினது எண்டு கேட்டனான், அந்த அண்ணை சிரிச்சிட்டு "இப்பத்தான் தங்கச்சி" எண்டார், சாடியில மண் காஞ்சு வெடிச்சுக் கிடக்கு.