ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு இங்கே தகுதி இல்லை என்கிறார்கள், அவசரம்

தெம்பனிஸ் அக்கா:
வணக்கம். தம்பி இந்த வருடம் ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) எழுதுகிறான். ஜப்பானில் பொறியியல் படிக்க ஆசை. மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு எல்லாத் தாள்களும் தயார். விசாரித்தால் "இங்கே தகுதி இல்லை" என்கிறார்கள். பிறந்தது, படித்தது எல்லாம் சிங்கப்பூரில்தான். மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாள் குறைவு.

ஈசூன் டீச்சர்:
நகல்களில் பள்ளி முத்திரை இருக்கிறதா பாருங்கள். என் மாணவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும்.

ஜூரோங் வாசி:
ஐசி (அடையாள அட்டை) என்ன நிறம்? குடிமக்களுக்கான இளஞ்சிவப்பா, நிரந்தரவாசிகளுக்கான நீலமா?

கடல்கடந்தவன்:
அறிவிப்பில் தகுதி என்ற பகுதியைப் படித்தாலே புரிந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் இதே கேள்விதான். தேசிய சேவை (கட்டாயப் படைச் சேவை) முடித்தானா என்றுகூடச் சொல்லவில்லை.

தெம்பனிஸ் அக்கா:
நீலம். இந்தியக் கடவுச்சீட்டு. தேசிய சேவை இன்னும் இல்லை, 18 வயது.

ஜூரோங் வாசி:
சரி, இந்தியக் கடவுச்சீட்டுதான் காரணம் அக்கா, பள்ளி முத்திரை அல்ல. தூதரகம் வழியாக வரும் மெக்ஸ்ட், குடியுரிமை உள்ள நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்கே வளர்ந்தான் என்பது கணக்கில் வராது. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் இந்தியாவில் உள்ள ஜப்பான் தூதரகம் வழியாக. எழுத்துத் தேர்வும் அங்கே. பொறியியலுக்கு கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், ஜப்பானியம்.

கடல்கடந்தவன்:
அதற்கு முன்னால் தேசிய சேவை. பெற்றோர் வழியாக நிரந்தரவாசி ஆனவனுக்கு அது கட்டாயம். ஏ லெவல் வரை தள்ளிவைப்பார்கள், பல்கலைக்கழகத்துக்குத் தள்ளிவைக்க மாட்டார்கள். சேவையில் இருப்பவரை மெக்ஸ்ட்டும் எடுக்காது.

ஈசூன் டீச்சர்:
அப்படியானால் குடியுரிமை வாங்கிவிட்டு சிங்கப்பூர் அரசின் பொதுச் சேவை ஆணைய உபகாரச் சம்பளத்துக்கு முயலலாமே? வெளிநாட்டுக்கே அனுப்புகிறார்கள்.

கடல்கடந்தவன்:
படித்துவிட்டு வந்து அரசு வேலை பார்க்க வேண்டும்: ஆங்கிலம் பேசும் நாடு என்றால் 6 வருட ஒப்பந்தம், ஜப்பான் போன்ற நாடு என்றால் 5. பதினெட்டு வயதுப் பிள்ளையை அதில் கட்டிப்போடச் சொல்கிறீர்களா? மெக்ஸ்ட்டில் ஒப்பந்தமே கிடையாது.

ஈசூன் டீச்சர்:
கட்டிப்போடுவது என்று ஏன் பார்க்கிறீர்கள்? படிப்பு முடிந்ததும் வேலை காத்திருக்கிறது. வசதியில்லாத வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் தெரியுமா? என் மாணவி ஒருத்தி அப்படித்தான் போனாள், இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்.

கடல்கடந்தவன்:
ஒருத்தியை வைத்து எல்லாரையும் சொல்லக் கூடாது டீச்சர்.

ஜூரோங் வாசி:
இரண்டு பேரும் அதைத் தனி இழையில் பேசுங்கள், அக்கா பதிலுக்குக் காத்திருக்கிறார்.

அக்கா, பயப்பட வேண்டாம். மெக்ஸ்ட் இளநிலைக்கு 25 வயதுக்குள் இருந்தால் போதும், சேவை முடித்துவிட்டு வந்தாலும் நேரம் இருக்கிறது. அதற்குள் குடியுரிமை கிடைத்தால் இங்கேயே விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் இந்தியா வழி. அந்த நேரத்தில் கையில் எந்தக் கடவுச்சீட்டு இருக்கிறதோ அதுதான் முடிவு செய்யும். இப்போதே ஜப்பானியம் படிக்கத் தொடங்கட்டும். தேர்வாகிப் போனால் முதல் வருடம் மொழிப் பயிற்சிதான், ஆனால் அடிப்படை தெரிந்தவனுக்குத் தேர்வு எளிது.

பாசிர் ரிஸ் அம்மா:
என் மகளும் நீல ஐசி, இந்தியக் கடவுச்சீட்டு. முதுகலைக்கு ஐரோப்பா போக நினைக்கிறாள். அங்கேயும் இதே கதையா?

ஜூரோங் வாசி:
இல்லை அம்மா. ஐரோப்பிய ஒன்றியத்தின் முதுகலை உதவித்தொகையான எராஸ்மஸ் முண்டஸில் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், தூதரகம் நடுவில் வராது. பாடத்திட்டத்தை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்கே நேராக அனுப்ப வேண்டும். உதவித்தொகை மாதம் 1,400 யூரோ. அவள் எந்தத் துறை?

தெம்பனிஸ் அக்கா:
தம்பியிடம் பேசிவிட்டோம். முதலில் தேசிய சேவைக்குப் போகிறான். ஜப்பானிய வகுப்பில் சேர்த்திருக்கிறோம். ஜூரோங் வாசிக்கு ரொம்ப நன்றி.