பத்தாம் வசனம்

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், குளிர்பதனப் பெட்டியின் கதவில், வேதாகமத்தின் எரேமியா 29:11 வசனம் அச்சிட்ட காந்த வில்லை ஒன்று பல ஆண்டுகளாக ஒட்டியிருந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்னும் அந்த வரியைப் பால் எடுக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் நின்று வாசித்ததில்லை.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி, கொவிட்-19 பரவலைத் தடுக்க எல்லாரையும் வீட்டில் இருக்கச் சொன்ன கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியது. விமானங்கள் தரையில் நின்றுவிட்டதால், சரக்குப் பிரிவில் நான் பார்த்துவந்த வேலை சில மாதங்களில் போய்விட்டது. அந்த வாரத்தில்தான், வெளியூர்க் கிறிஸ்தவ ஊழியர் ஒருவரின் குரல்பதிவு வாட்ஸ்அப்பில் வந்தது. இழந்தவையெல்லாம் 60 நாளுக்குள் இரட்டிப்பாய்த் திரும்பும் என்று கர்த்தரே உரைப்பதாக அவர் சொன்னார். நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்தேன். வட்டம் போட்ட நாள் வந்தது, போனது. வேலை போனதைவிட அதன்பின் நேர்ந்ததுதான் என்னை அதிகம் வருத்தியது: வேதாகமத்தில் ஏசாயா முதல் மல்கியா வரையுள்ள 17 தீர்க்கதரிசனப் புத்தகங்களை என்னால் திறக்கவே முடியவில்லை. தீர்க்கதரிசனம் என்ற சொல்லே கசந்தது.

சபை மூப்பர் ஒருவர் தொலைபேசியில் நலம் விசாரித்தபோது இதைச் சொல்லிவிட்டேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "தம்பி, உங்கள் வீட்டு வசனத்துக்கு முந்திய வசனத்தை வாசித்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "வாசியுங்கள். அப்படியே 28ஆம் அதிகாரத்திலிருந்து வாருங்கள்," என்றார்.

28ஆம் அதிகாரத்தில் அனனியா என்பவன், பாபிலோன் ராஜாவின் நுகம் இரண்டு வருஷத்துக்குள் முறியும் என்று எருசலேம் ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாகத் தீர்க்கதரிசி எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைத்துப்போடுகிறான். எனக்கு வந்த குரல்பதிவு அப்படியே நினைவுக்கு வந்தது. என்னை நெகிழவைத்தது எரேமியாவின் பதில்தான்: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். பொய்யென்று தள்ளுவதற்கு முன், அது மெய்யாயிருக்கக் கூடாதா என்று ஏங்கியவர் போலத்தான் அவர் எனக்குத் தெரிகிறார். அதற்கடுத்த அதிகாரத்தில், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு அவர் எழுதும் கடிதத்தில், பத்தாம் வசனம் அவர்கள் திரும்பிவர 70 வருஷம் ஆகும் என்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பும் நாளைக் கண்டிருக்க மாட்டார்கள்.

கி.மு. 539இல் பாரசீக ராஜாவாகிய கோரேசிடம் பாபிலோன் விழுந்ததும், யூதர்கள் திரும்பியதும் வரலாறு. 70 வருஷத்தை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை; ஆலயம் இடிந்த கி.மு. 586 முதல் அது மீண்டும் கட்டி முடிந்த 516 வரை எண்ணுவோரும் உண்டு. எண் கணக்கில் எனக்கு முன்பிருந்த ஆர்வம் இப்போது இல்லை. தானியேல் 9ஆம் அதிகாரத்தில், அந்நிய தேசத்தில் முதுமையடைந்த தானியேல் எரேமியாவின் இதே 70 வருஷத்தை வாசித்து அறிந்துகொள்கிறார். உடனே உபவாசித்து, பாவங்களை அறிக்கையிட்டு ஜெபிக்கத் தொடங்குகிறார். வட்டம் போட்ட எனக்கு அது உறைத்தது.

வேறு வேலை கிடைக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின, சம்பளமும் குறைவுதான். ஆனாலும் அந்தப் பதினான்கு மாதங்களிலும் இரவில் உறக்கம் வந்தது. காந்த வில்லையின் கீழே, பத்தாம் வசனத்தைச் சிறு தாளில் எழுதி ஒட்டினேன். "வருகிறவர்கள் 70 வருஷம் என்பதைப் பார்த்து நம் வீட்டுக் கடன் என்று நினைக்கப்போகிறார்கள்," என்றாள் என் மனைவி.