ஏற்காட்டில் இரண்டு நாள், முட்டைகூடச் சாப்பிடாத அம்மாவுக்குச் சாப்பாடு எப்படி?

அம்மாப்பேட்டை எழுதியது:
வணக்கம். வரும் சனிக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போகிறோம், இரண்டு நாள் தங்கல். அம்மா வள்ளலார் வழியில் இருப்பவர், முட்டையும் தொடமாட்டார். போன முறை மேலே ஒரு கடையில் பரோட்டாவுக்கு "வெஜ் சால்னாதான்" என்று ஊற்றினார்கள், பாதி சாப்பிட்ட பிறகு கிண்ணத்தின் அடியில் எலும்புத் துண்டு கிடந்தது. அம்மா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வண்டியில் உட்கார்ந்தவர், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீடு வந்து சேரும்வரை பேசவே இல்லை, மறுநாள் முழுக்கத் தண்ணீர் மட்டும்தான். அப்புறம் எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க" என்பதோடு சரி. இப்போது பேத்தி கெஞ்சியதால் சம்மதித்திருக்கிறார். நாங்கள் மற்றவர்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்பதால் எதைக் கவனிக்கவேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இன்னொரு தடவை அவர் முகம் அப்படி மாறுவதைப் பார்க்க என்னால் முடியாது.

அஸ்தம்பட்டி எழுதியது:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறதுங்க. நான் பிறவிச் சைவம், விற்பனை வேலையில் ஊர் ஊராக அலைகிறவன். "சைவமா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், பல கடைக்காரர்கள் கணக்கில் தட்டில் கறி விழாவிட்டால் அது சைவம். பொருளைச் சொல்லிக் கேளுங்கள். பரோட்டா மாவில் முட்டை உடைத்து ஊற்றினீர்களா? ஆம்லெட் போடும் கல்லிலேயே தோசையும் வார்க்கிறீர்களா? கோபி 65 பொரிக்கிற எண்ணெயில் சிக்கனும் பொரிக்கிறீர்களா? வெஜ் சூப்புக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள், கறி வேகவைத்ததா? ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ் பக்கமே போகவேண்டாம், வாணலி ஒன்றுதான் இருக்கும், ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியில் செய்வது என்பது போடுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். இதையெல்லாம் பரிமாறுகிற தம்பியிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்கு மேசையைத்தான் தெரியும். அடுப்படிக்குப் போய் மாஸ்டரிடம் கேளுங்கள்.

ஏற்காடு எழுதியது:
மேலே சிறிய மெஸ் வைத்திருக்கிறேன், சைவம் அசைவம் இரண்டும் உண்டு, அதனால் அடுப்படியில் நடப்பதைச் சொல்கிறேன். சனி ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு வந்து யார் எதைக் கேட்டாலும் எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியாது, ஒரே கரண்டி நாலு சட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். சாம்பாரைத் தனியாகத்தான் வைக்கிறோம், ஆனால் கலப்பது அந்தக் கரண்டியில்தான். காலை எட்டு மணிக்கு ஒரு போன் பண்ணி "ஒருத்தருக்குத் தனிப் பாத்திரத்தில் ரசம், பொரியல், சோறு வேணும், அம்மா முட்டைகூடச் சாப்பிடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டால் மனசாரச் செய்து கொடுப்போம், கறி அடுப்பில் ஏறுவதற்கு முன்பே இறக்கி மூடி வைத்துவிடலாம். பெரும்பாலான சின்னக் கடைகளில் இதற்குச் சம்மதிப்பார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தோசை ஊற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது போதுமா என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அம்மாவிடமே கேளுங்கள். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கும்போது கடையில் வேறென்ன பொரிகிறது என்று ஒரு முறை எட்டிப் பாருங்கள், மீன் இருந்தால் அடுத்த கடை.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:
பாக்கெட் பண்டத்தில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது, நிறம் பிரித்துப் பார்க்கமுடியாதவர்கள் குழம்புகிறார்கள் என்று இப்போது பழுப்பு முக்கோணமாக மாற்றியிருக்கிறார்கள். முட்டை சேர்ந்தாலும் முக்கோணம்தான், பால் சேர்ந்தால் பச்சைதான். ஆனால் பேக்கரியில் கண்ணாடிக்குள் இருக்கிற கேக்குக்கு எந்தக் குறியும் இருக்காது, முட்டை இல்லை என்று தெளிவாகச் சொல்லாதவரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜெல்லி மிட்டாய் வேண்டாம், ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோலிலிருந்தெல்லாம் எடுப்பது. கிளம்பும்போது நம்ம சேலத்துத் தட்டுவடை செட்டு வாங்கிக் கொடுங்கள், இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி, அவ்வளவுதான். தட்டுவடையை நொறுக்கிக் கலக்கிற நொறுக்கல் என்றால் மட்டும் கேட்டு வாங்குங்கள், சில இடத்தில் முட்டை போட்டும் கலக்குகிறார்கள்.

அம்மாப்பேட்டை எழுதியது:
எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கழுவிய கல் வேண்டாம், தனிப் பாத்திரம் என்றால் சரி என்றார். சனிக்கிழமை காலைக்கு இட்லியில் பொடி தடவி வாழையிலையில் கட்டிக்கொள்கிறோம், மதியத்துக்கு எட்டு மணிக்கே போன் செய்துவிடுகிறேன். ஏற்காட்டுக்காரரே, உங்கள் மெஸ் எந்தப் பக்கம் என்று தனிச்செய்தியில் சொல்வீர்களா? அம்மா கேட்கச் சொன்னார்.